விடை தெரியாத பாடம்: தொழில்முனைவு கற்பிக்கப் புதிதாக வரும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

"அடுத்த பருவத்தில் தொழில்முனைவுப் பாடம் உங்களுக்கு" என்று துறைத்தலைவர் ஒரு தாளை நீட்டியிருப்பார். தொழில்முனைவோரின் பண்புகள், தொழில் வகைகள், திட்ட அறிக்கை, நிதி ஆதாரங்கள், வெற்றிக் கதைகள் என்று அதில் ஐந்து அலகுகள் இருக்கும். நீங்கள் ஒரு நாள்கூடத் தொழில் நடத்தியவராக இல்லாமல் இருக்கலாம். நேற்றுவரை பொருளியலோ வேதியியலோ கற்பித்துக்கொண்டிருந்திருக்கலாம். அதனால் பெரிய நட்டம் இல்லை. அந்தத் தாளை எழுத்துக்கு எழுத்து நடத்தினால்தான் நட்டம்.

நான் முதல் முறை அப்படித்தான் நடத்தினேன். பருவ முடிவில் பன்னிரண்டு குழுக்கள் பன்னிரண்டு திட்ட அறிக்கைகளை மேசையில் வைத்தன. வழவழப்பான அட்டை, வண்ண வரைபடங்கள், ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பு என்று எதிலும் குறை இல்லை. "இதை வாங்கக்கூடிய ஒருவரிடமாவது பேசினீர்களா?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டேன். ஒரே ஒரு குழு பேசியிருந்தது. அதுவும் குழுத்தலைவியின் அக்காவிடம். மாணவர்கள்மேல் தவறு இல்லை. பேசச் சொல்லி நான் ஒருநாளும் சொல்லவில்லை. அறிக்கை எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன். 14 வாரப் பருவம், வாரம் மூன்று மணி நேரம், 40 மாணவர்கள் வரை என்பது கணக்கு. வகுப்பு பெரிதாக இருந்தால் குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், குழுவின் அளவைக் கூட்டாதீர்கள்.

தொடங்குமுன்: எதைத்தான் கற்பிக்கிறோம்?

ரிச்சர்ட் காண்டிலான் என்ற பொருளியலர் எழுதிய கட்டுரை ஒன்று, அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1755இல் அச்சேறியது. தெரிந்த விலைக்கு வாங்கி, என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமலே விற்கத் துணிபவரே தொழில்முனைவோர் என்பது அதில் அவர் தரும் விளக்கம். பின்னால் எத்தனையோ விளக்கங்கள் வந்துவிட்டன. வகுப்பறைக்கு எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

ஏனென்றால் மற்ற எல்லாப் பாடங்களிலும் விடை ஆசிரியருக்குத் தெரியும். அதை ஊகித்து எழுதும் திறமையைத்தான் மாணவர்கள் பதினைந்து ஆண்டுகளாக வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்கள் இதில் இன்னும் கெட்டிக்காரர்கள். இந்தப் பாடத்தில் மட்டும், ஒரு குழு கண்டுபிடித்த சேவைக்கு யாராவது காசு கொடுப்பார்களா என்ற கேள்விக்கு உங்களுக்கும் விடை தெரியாது. அந்தத் தெரியாமை வகுப்பில் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான்.

இலக்கையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பருவ முடிவில் எத்தனை நிறுவனங்கள் பதிவாயின என்று நிர்வாகம் எண்ணப் பார்க்கும். அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து 2020இல் பியர் அசூலே முதலிய பொருளியலர்கள் வெளியிட்ட ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது தொடங்கும்போது 45. உங்கள் முன் உட்கார்ந்திருப்பவருக்கு இருபது. அவர் இப்போதே நிறுவனம் தொடங்காவிட்டால் உலகம் முழுகிவிடாது. பிரச்சினையைக் கண்ணால் பார்ப்பது, அறியாதவரிடம் பேசுவது, சிறிதாகச் செய்து பார்ப்பது, காசுக் கணக்கு போடுவது, வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்பது ஆகிய ஐந்தும் அவருக்குக் கைவந்தால் போதும். ஐரோப்பிய ஆணையம் 2016இல் வெளியிட்ட தொழில்முனைவுத் திறன் சட்டகத்தில் 15 திறன்கள் இருக்கின்றன. நல்ல பட்டியல்தான், ஆனால் பதினைந்தையும் ஒரு பருவத்துக்குள் திணித்தால் ஒன்றும் ஒட்டாது.

படி 1: பாடத்திட்டத்தை வெட்டுங்கள்

பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. வெட்ட மனம் வராதவர்களுக்காக ஒரு சான்று. டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் நடத்துபவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு வைத்தல், சந்தைப்படுத்தல் போன்ற வழக்கமான வணிகப் பயிற்சி. இன்னொன்றுக்குத் தானாக முன்வருதல், தடைகளை முன்கூட்டியே எதிர்பார்த்தல், விடாமல் முயலுதல் ஆகியவற்றை உளவியல் அடிப்படையில் பழக்கும் பயிற்சி. மூன்றாவதற்கு எதுவும் இல்லை. 2017இல் வெளியான முடிவின்படி, இரண்டாவது பிரிவினரின் லாபம் 30 விழுக்காடு கூடியது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 விழுக்காடுதான். அதுவும் தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவில் இருந்தது. அவர்கள் ஏற்கெனவே தொழில் நடத்துபவர்கள், நம்முடையவர்கள் மாணவர்கள் என்பதை மறக்கவில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் நேரத்தைக் கொட்ட வேண்டும் என்பதற்கு இது ஒரு திசைகாட்டி.

நான் வெட்டியவை: தொழில்முனைவோரின் பண்புகள் குறித்த விரிவுரை, வெற்றிக் கதைகள், முதல் வாரத்திலேயே நடத்தும் யோசனைப் போட்டி, நாற்பது பக்கத் திட்ட அறிக்கை. திட்ட அறிக்கைமேல் எனக்குப் பகை இல்லை. வங்கியில் கடன் கேட்கும்போது அது வேண்டும். ஒன்றும் தெரியாத நிலையில் எழுதப்படும் அறிக்கை கற்பனைக் கதையாகிவிடுகிறது, அதுதான் சிக்கல். யோசனைப் போட்டி அதைவிடக் கெடுதல். முதல் வாரத்தில் பரிசு வாங்கிய யோசனையை எந்த மாணவரும் பிறகு கைவிடமாட்டார். பதினான்கு வாரமும் அதற்கு வக்கீலாக இருந்து வாதாடுவார்.

சிறப்பு விருந்தினர் பேச்சையும் குறைத்துவிட்டேன். வென்றவர் தம் வெற்றியைச் சொல்லும்போது நடந்த வரிசையில் சொல்வதில்லை, நடந்திருக்க வேண்டிய வரிசையில் சொல்கிறார். விருந்தினரை அழைத்தால் மேடையில் ஏற்றாதீர்கள். ஒரு குழுவின் மேசையில் உட்கார வைத்து, அவர்களது கணக்கைப் பார்த்துக் குறை சொல்லச் சொல்லுங்கள்.

அலகுகளின் தலைப்பை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஒப்படைப்புகளை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் ஆசிரியர் கையில்தான் இருக்கும். 'சந்தை ஆய்வு' என்ற அலகின்கீழ் புத்தகத்தில் உள்ள ஆறு வகை ஆய்வுகளையும் நடத்தலாம். ஐந்து பேரைச் சந்தித்துவரச் சொல்லவும் செய்யலாம். தலைப்பு ஒன்றுதான்.

படி 2: முதல் வகுப்பில் பேசாதீர்கள், செய்ய வையுங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டினா சீலிக் நடத்திய பயிற்சி ஒன்று இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உறை. அதற்குள் ஐந்து டாலர். திட்டமிட எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம். உறையைத் திறந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்தப் பணத்தைக்கொண்டு எவ்வளவு ஈட்ட முடியுமோ ஈட்ட வேண்டும். பிறகு வகுப்பின்முன் மூன்று நிமிடம் பேச வேண்டும். அதிகம் ஈட்டிய குழுக்கள் அந்த ஐந்து டாலரைத் தொடவே இல்லை. ஒரு குழு மிதிவண்டிகளின் காற்றழுத்தத்தை இலவசமாகச் சோதித்து, காற்றடிக்க மட்டும் ஒரு டாலர் வாங்கியது. இன்னொரு குழு, தன்னிடம் உள்ள மதிப்புமிக்க சரக்கு அந்த மூன்று நிமிடப் பேச்சு நேரம்தான் என்று கண்டுகொண்டது. இந்த மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு அந்த நேரத்தை 650 டாலருக்கு விற்றுவிட்டது.

இந்தக் கதையை வகுப்பில் முதலில் சொல்லிவிட்டால் பயிற்சி பாழ். செய்ய வைத்த பிறகு சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பணத்தில் ஒரு சிறு தொகையை உறையில் வைத்தால் போதும். நிபந்தனைகள் மூன்று: சூதாட்டம் கூடாது, பெற்றோரிடமும் உறவினரிடமும் கைநீட்டக் கூடாது, சட்டத்துக்கோ வளாக விதிகளுக்கோ புறம்பாக எதுவும் கூடாது.

திரும்பி வந்ததும் நடக்கும் பேச்சுதான் உண்மையான வகுப்பு. யார் அதிகம் ஈட்டினார்கள் என்பதைச் சட்டென்று முடித்துவிட்டு, இரண்டே கேள்விகளில் நேரத்தைச் செலவிடுங்கள். உங்கள் கைமுதல் என்று எதை நினைத்தீர்கள்? வழியில் எந்த இடத்தில் திட்டத்தை மாற்றினீர்கள்? "மாற்றவே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் குழு ஒன்று நிச்சயம் இருக்கும். அவர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பருவம் முழுவதும் உங்கள் கவனம் அவர்களுக்குத் தேவைப்படும்.

படி 3: குழுக்கள்

மூன்று அல்லது நான்கு பேர். ஐந்தாமவர் எப்போதும் பயணியாகவே வருகிறார். நண்பர்களை ஒன்றாகச் சேரவிட்டால் ஒரே மாதிரி யோசிப்பார்கள், கணக்குப் பேசக் கூசுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால் முதல் மூன்று வாரம் முனகுவார்கள். நான் முனகலைத் தேர்ந்தெடுக்கிறேன். யார் என்ன செய்வார், ஒருவர் வேலை செய்யாவிட்டால் என்ன நடவடிக்கை, பணம் மிஞ்சினால் எப்படிப் பங்கு, இழந்தால் எப்படிப் பங்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடச் செய்யுங்கள். காசு வருவதற்கு முன் எழுதினால் அரை மணி நேரத்தில் முடியும். வந்த பிறகு எழுதினால் நட்பும் சேர்ந்து முடியும்.

படி 4: கட்டடத்தை விட்டு வெளியே அனுப்புங்கள் (வாரம் 3 முதல் 6 வரை)

பாடத்தின் முதுகெலும்பு இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் ஒரு வாரம் 'புகார்க் குறிப்பேடு' எழுதச் சொல்லுங்கள். தாங்கள் பட்ட, கண்ட, கேட்ட எரிச்சல்களை நாளைக்கு மூன்று வீதம் குறிக்க வேண்டும். வரிசையில் நின்றது, உடைந்த பொருளைச் சரிசெய்ய ஆள் கிடைக்காதது, படிவத்தை மூன்று முறை நிரப்பியது எல்லாம் சேரும். தீர்வு எதையும் எழுதக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு மாணவர்களுக்கு மிகவும் கடினம். 'செயலி' என்ற சொல் ஆறாம் வாரம்வரை வகுப்பில் தடை என்று நான் அறிவித்துவிடுவேன். சிரிப்பார்கள், ஆனால் பலன் இருக்கிறது.

அந்தக் குறிப்புகளிலிருந்து ஒவ்வொரு குழுவும் ஓர் எரிச்சலைத் தேர்ந்தெடுத்து, அதைப் படுகிறவர்களைத் தேடிப் போக வேண்டும். "கட்டடத்தை விட்டு வெளியே போங்கள்" என்பது ஸ்டீவ் பிளாங்க் பரப்பிய முழக்கம். அவரது வகுப்பு முறையைத் தழுவி அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ஐ-கோர் பயிற்சியில், ஒரு குழு ஏழு வாரத்துக்குள் 100 பேரையாவது சந்தித்தாக வேண்டும். அங்கே வருபவர்கள் ஆய்வாளர்கள். மற்ற ஐந்து பாடங்களுக்கும் தேர்வெழுத வேண்டிய இளநிலை மாணவர்களுக்கு வாரம் ஐந்து பேர், நான்கு வாரத்தில் இருபது பேர் என்பது நியாயமான அளவு. நேரில் சந்திக்க வேண்டும். கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு 200 பதில் வாங்கிவந்தால் ஏற்காதீர்கள். படிவத்தில் யாரும் முகம் சுளிப்பது தெரியாது.

எப்படிக் கேட்பது என்பதை வகுப்பிலேயே நடித்துக் காட்டுங்கள். பழைய பாடநூல்களை விற்றுக் கொடுக்கும் சேவை ஒன்று மாணவர் மனத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் போய்க் கேட்கிறார்:

"பழைய புத்தகங்களை விற்க எளிய வழி ஒன்று இருந்தால் பயன்படுத்துவீர்களா, அண்ணா?"

"கண்டிப்பாக, தம்பி. நல்ல யோசனை."

இதில் கிடைத்த தகவல் எதுவும் இல்லை. மூத்த மாணவர் மரியாதை தெரிந்தவர் என்பது மட்டும் தெரிகிறது. வருங்காலத்தைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் நம் மனம் நோகாத பதிலைத்தான் சொல்வார்கள். நடந்து முடிந்ததைக் கேட்க வேண்டும்:

"போன பருவத்துப் புத்தகங்களை என்ன செய்தீர்கள், அண்ணா?"

"அலமாரியில் கிடக்கின்றன."

"விற்றுப் பார்த்தீர்களா?"

"இல்லை. நுழைவுத் தேர்வுக்குத் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டேன்."

"உங்கள் இளையவர்கள் யாராவது கேட்டார்களா?"

"கேட்டார்கள். அவர்களுக்குப் புத்தகம் வேண்டாமாம். நான் ஓரத்தில் எழுதிவைத்திருக்கும் குறிப்புகள் மட்டும் போதுமாம்."

ஒரே நிமிடத்தில் விற்பனைச் சேவை என்ற யோசனை ஆட்டம் காண்கிறது, வேறு ஒரு தேவை எட்டிப் பார்க்கிறது. (அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து விற்றால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.) இந்த இரண்டு உரையாடல்களையும் அடுத்தடுத்து நடித்துக் காட்டியபின் மாணவர்களின் கேள்விகள் மாறிவிடுகின்றன. கடைசியாக எப்போது நடந்தது, அப்போது என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரமும் காசும் போயின, வேறு எதை முயன்று விட்டீர்கள் என்ற நான்கும் கையில் இருந்தால் போதும். தம் யோசனையை விளக்கத் தொடங்கிய நொடியே சந்திப்பு முடிந்துவிட்டது என்று எச்சரியுங்கள். அதன்பின் எதிரில் இருப்பவர் தகவல் தருவதில்லை, ஊக்கம் தருகிறார்.

கூச்சம் பெரிய தடை. வகுப்பிலேயே மிகச் சுறுசுறுப்பான மாணவி, அறியாத ஒருவரிடம் பேச முடியாமல் வாசல்வரை போய்த் திரும்பிவந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்கட்டும். தாம் மாணவர் என்பதையும் எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லி, அனுமதி பெற்றே குறிப்பெடுக்க வேண்டும். மறுத்தால் நன்றி சொல்லி நகர வேண்டும். மறுப்புகளையும் எண்ணிக் குறிக்கச் சொல்லுங்கள். பத்து மறுப்பு வாங்கியவருக்குப் பதினோராவது வலிப்பதில்லை.

படி 5: சோதனை அட்டை (வாரம் 7, 8)

1999இல் நிக் ஸ்வின்மர்னுக்கு ஒரு கேள்வி இருந்தது: காலில் போட்டுப் பார்க்காமல் இணையத்தில் காலணி வாங்குவார்களா? கிடங்கோ சரக்கோ இல்லாமல், கடைகளில் இருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். யாராவது வாங்கினால் அதே கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு இணையிலும் நட்டம்தான். ஆனால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஸாப்போஸ் என்ற அந்த நிறுவனத்தைப் பத்து ஆண்டுகள் கழித்து அமேசான் வாங்கியது.

மாணவர்கள் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அரைகுறையாகச் செய்தால் போதும்" என்று புரிந்துகொள்வார்கள். அரைகுறை வேறு, ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடுவது வேறு. இந்த வேறுபாட்டைக் காப்பாற்றத்தான் சோதனை அட்டை. உள்ளங்கை அளவு அட்டையில் நான்கு வரிகள்: நாங்கள் நம்புவது என்ன, அதைச் சோதிக்க என்ன செய்வோம், எந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் இந்த நம்பிக்கையைக் கைவிடுவோம், என்ன நடந்தது. முதல் மூன்று வரிகளைச் சோதனைக்கு முன்பே எழுதி உங்களிடம் தேதியோடு கையொப்பம் வாங்க வேண்டும். மூன்றாவது வரிதான் உயிர். அதை முன்பே எழுதாவிட்டால், முப்பது பேரில் இரண்டு பேர் பணம் கொடுத்ததையும் "நல்ல வரவேற்பு" என்று எழுதிவிடுவார்கள்.

படி 6: காசுக் கணக்கு

இரண்டு வகுப்புகளுக்கு மேல் வேண்டாம். இருப்புநிலைக் குறிப்பு, தேய்மானம் எல்லாம் வணிகவியல் துறை பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பொருளின் கணக்கை மட்டும் கரும்பலகையில் போடுங்கள்.

கையால் தைத்த குறிப்பேடு ஒன்றை ஒரு குழு 100க்கு விற்கிறது. தாள், அட்டை, நூல் 55. கொண்டுபோய்க் கொடுக்க 10. மிச்சம் 35. தையல் கருவிக்கு மாத வாடகை 3,500. அப்படியானால் மாதம் 100 குறிப்பேடு விற்றால்தான் வாடகைக்கே கட்டும். இதுவரை எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்து, ஒரு குறிப்பேடு தைக்க எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். நாற்பது நிமிடம். நூறு குறிப்பேட்டுக்கு 66 மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு உழைத்தும் கையில் மிஞ்சுவது சுழியம். வகுப்பு அமைதியாகிவிடும். தம் உழைப்புக்கு விலை போடாத மாணவர்களுக்கு இந்த அமைதி தேவை.

இரண்டாவது வகுப்பில் கடன். நண்பர்கள் "அப்புறம் தருகிறேன்" என்று வாங்கிப் போவார்கள். ஏட்டில் லாபம் இருக்கும், கல்லாவில் அடுத்த சரக்கு வாங்கக் காசு இருக்காது. விளக்கிச் சொல்வதைவிட ஒரு குழு மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து, அவர்களது கணக்கையே பாடமாக எடுப்பது நல்லது. எல்லாப் பருவத்திலும் ஒரு குழு மாட்டும்.

படி 7: போணி (வாரம் 9 முதல் 12 வரை)

ஒவ்வொரு குழுவும் உண்மையான ஒருவரிடம் உண்மையான பணத்துக்கு எதையாவது விற்க வேண்டும். முதல் போணி ஆன குழுவின் முகமே வேறாக இருக்கும். இதற்கு ஈடான விரிவுரை என்னிடம் இல்லை.

எவ்வளவு பணம் போடுவது? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் பார்க்கும் வழியே காலை விட்டுப் பார்ப்பதுதான். இரண்டு காலையும் விடக் கூடாது, அவ்வளவே. அனுபவம் மிக்க தொழில்முனைவோர் 27 பேர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து சரஸ் சரஸ்வதி 2001இல் எழுதியதும் இதையொட்டியே இருக்கிறது. எவ்வளவு வரும் என்று கணிப்பதைவிட எவ்வளவு போனால் தாங்குவோம் என்று பார்த்தே அவர்கள் இறங்குகிறார்கள். குழுவின் இழப்பு வரம்பை அட்டையில் எழுத வையுங்கள். முதலுக்கே மோசம் வந்தாலும் யாருடைய கட்டணமும் சாப்பாடும் பாதிக்காத தொகையாக இருக்க வேண்டும். சேமிப்பே இல்லாத மாணவர்கள் இருப்பார்கள். சுழிய முதலீட்டில் செய்யக்கூடிய சேவைகளையும் சமமாக மதிப்பிடாவிட்டால் இந்தப் பாடம் வசதி உள்ளவர்களின் விளையாட்டாகிவிடும். அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி இதற்கு வேறு வழி கண்டது: முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரியே கடன் கொடுத்துத் தொழில் நடத்த வைத்து, ஆண்டு முடிவில் மூட வைத்து, லாபத்தைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்தது. உங்கள் துறையில் சிறு நிதி ஒன்று கிடைக்குமானால் கேட்டுப் பாருங்கள்.

விற்பனைக்கு முன் நீங்களே போய் முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. வளாகத்தில் விற்க நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி. உணவு, மருந்து, அழகுசாதனம், மின்கருவி, பிறர் பணத்தைக் கையாளும் சேவை ஆகியவற்றில் உரிமமும் பாதுகாப்பு விதியும் இருக்கும். முதல் முறை நடத்துபவர் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. மாணவர் கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்ற பல்கலைக்கழக விதியையும் படித்துவிடுங்கள். நல்ல கண்டுபிடிப்பு வந்த பிறகு படித்தால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

படி 8: மதிப்பெண்

இங்கே தவறினால் மேலே செய்ததெல்லாம் வீண். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே மாணவர் இருப்பார். லாபத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் மாமாவிடம் விற்றுவிட்டு வருவார்கள். அழகான அளிக்கைக்குக் கொடுத்தால் கடைசி இரண்டு வாரமும் படவில்லைகளை மெருகேற்றுவார்கள். என் பங்கீடு இது:

களச் சந்திப்புக் குறிப்புகள் – 25
சோதனை அட்டைகள் – 25
வரவு செலவுக் கணக்கு – 15
தனிநபர் குறிப்பேடும் வாய்மொழித் தேர்வும் – 25
இறுதி அளிக்கை – 10

லாபத்துக்குச் சுழியம். நட்டத்துக்கும் கழிவில்லை. சோதனை தோற்றதை நேர்மையாக எழுதி, அதனால் அடுத்த அட்டை எப்படி மாறியது என்று காட்டும் குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். முதல் முறை கொடுக்கும்போது வகுப்பு நம்பாது. இரண்டாம் முறை நம்பும்.

சந்திப்பே நடத்தாமல் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் குறிப்பு எழுதி வாங்கும் வழி இப்போது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட குறிப்புகளில் ஒரு பொது அடையாளம் உண்டு: எல்லாரும் முழு வாக்கியத்தில் பேசுகிறார்கள், யாரும் எரிச்சலடைவதில்லை. தடுக்க எளிய வழி, ஒவ்வொருவருடனும் ஏழு நிமிட வாய்மொழித் தேர்வு. "அவர் சொன்னதில் நீங்கள் எதிர்பார்க்காதது எது? அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையில் போனவருக்கு ஏழு நிமிடம் போதாது.

படி 9: கடையை மூடுதல் (வாரம் 13, 14)

கணக்கை முடித்து, கடனை அடைத்து, மீந்த சரக்கை என்ன செய்வது என்று தீர்மானித்து, வாடிக்கையாளருக்கு அறிவித்து, முறையாக மூட வேண்டும். தொடரப்போகிறவர்களும் ஒருமுறை மூடிக் காட்டிவிட்டுத்தான் தொடர வேண்டும் என்பது என் விதி. கொஞ்சம் கறாரான விதிதான். பழக்கத்தால் தொடர்வதற்கும் முடிவெடுத்துத் தொடர்வதற்கும் உள்ள வேறுபாடு அப்போது வெளிப்படுகிறது.

"எனக்குத் தொழில் சரிப்படாது என்று தெரிந்துவிட்டது" என்று சிலர் எழுதுவார்கள். பதறாதீர்கள். நெதர்லாந்தில் மாணவர் நிறுவனப் பயிற்சி ஒன்றை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பயிற்சிக்குப் பிறகு தொழில் தொடங்கும் விருப்பம் கூடும் என்று எதிர்பார்த்தார்கள், குறைந்திருந்தது. திறன்களிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்பது கசப்பான பகுதி. செய்முறை என்ற பெயர் மட்டும் போதாது என்பதற்காக அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். விருப்பம் குறைந்ததை மட்டும் என்னால் தோல்வியாகப் பார்க்க முடியவில்லை. சொந்தப் பணத்தைக் கொட்டி முப்பது வயதில் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒருவர் இருபது வயதில், இழப்பு வரம்புக்குள், தெரிந்துகொண்டிருக்கிறார்.

எதிர்ப்பக்கமும் ஒருவர் வருவார். நான்கு வாரம் நன்றாக விற்றுவிட்ட உற்சாகத்தில், படிப்பை நிறுத்திவிடட்டுமா என்று கேட்பார். நான் அறிவுரை சொல்வதில்லை, ஒரு சோதனை அட்டையை நீட்டுகிறேன். விடுமுறை முழுவதும் முழுநேரமாக நடத்து, எந்த எண்ணிக்கை வந்தால் நிறுத்துவாய் என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போடு, திரும்பி வந்ததும் பேசலாம் என்கிறேன்.

கடைசி வகுப்பு முடிந்ததும் மூன்று வேலைகள். சந்திக்க இசைந்த வெளியாட்கள் அனைவருக்கும், என்ன கற்றோம் என்று இரண்டு வரி எழுதி மாணவர்களே நன்றிக் கடிதம் அனுப்பட்டும். அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கதவு திறக்கும். தோற்ற சோதனை அட்டைகளைப் பெயர் நீக்கி ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அடுத்த பருவத்தின் இரண்டாம் வகுப்புக்கு இந்தப் பருவத்துக் குழு ஒன்றை இப்போதே அழைத்துவிடுங்கள். நட்டத்தில் மூடிய குழுவாக இருந்தால் நல்லது. அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும். முதல் வகுப்புக்குத் தேவை உறைகள்தான். குழுவுக்கு ஒன்று, கிழிந்துபோனால் மாற்ற இரண்டு கூடுதலாக.